அலாய் வீலுக்கு ஆசிட் வேண்டாம்

புதுக் காரில் எல்லார் கண்ணும் முதலில் போவது அலாய் வீல் மீதுதான். அதற்காகவே கூடுதல் பணம் கொடுத்து மேல் மாடல் வாங்குகிறவர்கள் உண்டு. ஆனால் சில மாதங்களிலேயே மின்னிய சக்கரம் கறுத்துவிடுகிறது. தண்ணீர் பீய்ச்சினாலும் போகாது, ஷாம்பு போட்டாலும் போகாது. உடனே பலரும் தேடுவது ஆசிட். அதுவும் சில இடங்களில் பாத்ரூம் டைல்ஸுக்கு ஊற்றும் அதே ஆசிட்! இது சக்கரத்துக்கும் கேடு, கழுவுகிறவர் கைக்கும் கேடு.

முதலில் அந்தக் கறுப்பு என்ன? அது வெறும் சாலைப் புழுதி அல்ல. பிரேக்கை மிதித்தால் பேடு, வார்ப்பிரும்பு டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கிறது. இரண்டும் தேய்கின்றன. அந்த இரும்புத் துகளும், பேடில் இருக்கும் கார்பனும், பிசினும் சூட்டோடு பறந்து பக்கத்தில் இருக்கும் சக்கரத்தில் ஒட்டிக்கொள்கின்றன. பிரேக் போட்டதும் வண்டியின் எடை முன்பக்கம் சாய்வதால் முன் பிரேக்குக்குத்தான் வேலை அதிகம். அதனால் முன் சக்கரம் அதிகம் கறுக்கும். பல சிறிய கார்களில் பின்னால் இருப்பது டிரம் பிரேக். அது பெரும்பாலான தூளைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். இரண்டு சக்கரத்தையும் விரலால் தடவிப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

ஒட்டிய இரும்பு ஈரம் பட்டுத் துருப்பிடிக்கிறது. துருப்பிடித்த துகள், சக்கரத்தின் மேல் இருக்கும் கிளியர் கோட்டை இறுகப் பற்றிக்கொள்கிறது. முதல் வாரம் துணியால் போயிருக்க வேண்டியது, மூன்றாம் மாதம் பிரஷ்ஷுக்கும் அசையாமல் போவது இதனால்தான்.

ஆசிட் துருவைக் கரைக்கும் என்பது உண்மை. ஐந்து நிமிடத்தில் பளிச்! ஆனால் அதற்கு இரும்பு எது, அலுமினியம் எது என்று தெரியாது. அலுமினியத்தைக் காப்பது அதன் மேல் இருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம். அது ஈரியல்பு ஆக்சைடு என்று பள்ளி வேதியியலிலேயே படித்திருக்கிறோம். அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். எனவே காஸ்டிக் சோடா கலந்த கிளீனரும் இதே ரகம்தான். கிளியர் கோட்டில் ஒரு கீறல் இருந்தால் போதும், உள்ளே புகுந்து வெள்ளை வெள்ளையாக அரிக்கும், பெயிண்ட் உப்பும். பிறகு எந்தக் கிளீனராலும் பயனில்லை. பெயிண்டை உரித்துவிட்டுப் புதிதாக அடிக்க வேண்டியதுதான்.

சக்கரம் போனால் இன்னொன்று வாங்கலாம். கை? சில வீல் கிளீனர்களில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ அம்மோனியம் பைஃபுளோரைடோ இருக்கிறது. அளவு குறைவாக இருந்தால் தோலில் பட்டதும் எரியாது. சில மணி நேரம் கழித்துத்தான் வலி தொடங்கும். அதற்குள் தோலைத் தாண்டி உள்ளே போய் உடம்பில் இருக்கும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அதிகம் பட்டால் இதயத்தையே பாதிக்கும். வாட்டர் வாஷ் கடையில் கையுறை இல்லாமல், ரப்பர் செருப்போடு வேலை செய்கிற பையனுக்கு டப்பாவில் என்ன இருக்கிறது என்று யார் சொல்கிறார்கள்?

"ஆசிட் மலிவு, மற்றதெல்லாம் செலவு" என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வாரம் ஒரு முறை கார் ஷாம்புவும் மென்மையான பிரஷ்ஷும் போட்டால் வேறெதுவும் அடிக்கடி தேவைப்படாது. ஏற்கெனவே இறுகிவிட்டதா? அமிலமும் காரமும் இல்லாத அயர்ன் ரிமூவர் கிடைக்கிறது. அதில் இருப்பது தயோகிளைகோலேட். முடி நீக்கும் கிரீமில் இருக்கும் அதே குடும்பம், நாற்றமும் அதே! இரும்போடு சேர்ந்ததும் ஊதா நிறமாக வழியும்.

சக்கரம் ஆறிய பிறகு, நிழலில் வைத்துத்தான் செய்ய வேண்டும். முதலில் தண்ணீர், பிறகு ஷாம்பு, பிறகு அயர்ன் ரிமூவர். சில நிமிடம் விட்டு, காய்வதற்குள் கழுவிவிட வேண்டும். இதற்கும் கையுறை அவசியம். சக்கரத்துக்குத் தனி வாளி, தனி துணி. இல்லாவிட்டால் அந்த இரும்புத் தூளே காரின் பெயிண்டைக் கீறும். கடைசியில் கொஞ்சம் வாக்ஸ் பூசினால் அடுத்த முறை சுலபம்.

காய்ந்த தூளைக் காற்றடித்து ஊதுவதும் கூடாது. அது மூச்சில் போகும். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் கொண்டுவந்த யூரோ 7 விதி, பெட்ரோல், டீசல் கார்களின் பிரேக்கிலிருந்து காற்றில் கலக்கும் நுண்துகளுக்குக் கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம் என்று வரம்பே வைத்திருக்கிறது.

அடுத்த முறை வாட்டர் வாஷுக்கு வண்டியை விடுகிறவர்கள், வீலுக்கு என்ன ஊற்றுகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். லேபிள் இல்லாத டப்பாவைக் காட்டினால், "ஷாம்பு மட்டும் போதும் தம்பி" என்று சொல்லிவிடட்டும். சக்கரம் கொஞ்சம் கறுப்பாகவே இருந்தாலும் வண்டி ஓடும்.