ஊர்ப்பெயரே செல்வம்

ஸ்காட்லாந்தில் ஸ்பே ஆற்றுப் பள்ளத்தாக்கின் டஃப்டவுன், ரோத்தஸ் முதலிய சிற்றூர்கள் பார்லியிலிருந்து வடிக்கும் விஸ்கிக்குப் பெயர் பெற்றவை. மதுவைப் போற்றுதல் நம் நோக்கமன்று. அது குடிகெடுக்கும் பொருளே. ஆயினும் அவ்வூரார் தம் ஊர்ப்பெயரைக் காக்கும் திறம் சிந்திக்கத்தக்கது. 2009ஆம் ஆண்டு விதிகளின்படி வேற்றிடச் சரக்கு ‘ஸ்பேசைடு’ என்னும் பெயரைச் சூட்டிக்கொள்ள இயலாது.

அங்குச் செல்வோர் வடிசாலைகளை மட்டும் கண்டு மீள்வதில்லை. நாக்காண்டோ என்னுமிடத்தில் பழைய கம்பளி நெசவாலை ஒன்றுண்டு. சுற்றுப்புற உழவர் ஆட்டுமயிரைக் கொடுத்துப் போர்வையாகப் பெற்றுச் சென்ற ஆலை அது. நலிவுற்ற அதனை ஓர் அறக்கட்டளை மீட்டது. பழந்தறி ஓடுவதைக் கண்டவர்கள் துணியை வாங்கிச் செல்கிறார்கள்.

நம் புதுவைக்கு வருவோரோ கடற்கரைத் தெருக்களோடு திரும்பிவிடுகின்றனர். அருகிலுள்ள முத்தியால்பேட்டையின் நெசவு மரபை அறிந்தவர் எத்தனை பேர்? வில்லியனூர்ச் சுடுமண் வேலையும் திருக்கனூர்க் காகிதக்கூழ்க் கைவினையும் புவிசார் குறியீடு பெற்றுள்ளன. நெசவு மட்டும் பெயரின்றி விலைபோகலாமா?

சங்கம் ஒரு தறிக்கூடத்தை வருவோர்க்குத் திறந்து வைக்கட்டும். துணியில் ஊர்ப்பெயரையும் விலையையும் பொறிக்கட்டும். இடைத்தரகர் கொள்ளும் காசு நெய்தவர் கையிற் சேரும். அங்கத்தினர்களே, அடுத்த பொதுக்கூட்டத்தில் இதனைத் தீர்மானமாகக் கொணருங்கள்.