வேப்பெண்ணெயும் விஞ்ஞானமும்

மன்னார்த் தீவிலும் அதன் எதிரேயுள்ள பெருநிலக் கரையிலும் வேம்பு நிழல் தாராத ஊர் இல்லை எனலாம். பேசாலை, தலைமன்னார், வங்காலை முதலிய ஊர்களிற் கடற்றொழில் புரிவோர் உவர்நீரிலும் ஈரத்திலும் நின்று உழைப்பவர்கள். கால்விரலிடையிற் சேற்றுப்புண்ணும் தோலிற் படர்தாமரையும் அவர்க்குப் புதியனவல்ல. இவற்றுக்கு வேப்பெண்ணெயையோ, மூலிகைச் சாறு கூட்டிக் காய்ச்சிய தைலத்தையோ பூசுதல் நம்மவர் வழிவழிக் கையாண்ட முறை. இத்தைலங்களை, கிருமியையும் பங்கசையும் அடக்கவல்ல நம்பத்தகுந்த பூச்சுமருந்தாக ஆக்குதல் வேண்டுமென்பது நமது அவா. அதற்கு வழி யாது?

முன்னோர் மருந்துக்குச் சோதனை வேண்டா என்பர் ஒருசாரார். சோதனைச்சாலையிற் பிறவாதது மருந்தன்று என்பர் மற்றொரு சாரார். இருவர் கூற்றும் நமக்கு உடன்பாடல்ல. வேம்பின் அண்மைக்கால வரலாறே இதற்குச் சான்று. 1942 ஆம் ஆண்டிற் சலீமுசமான் சித்திக்கி என்னும் இரசாயன அறிஞர் வேப்பெண்ணெயிலிருந்து நிம்பின் முதலிய கசப்புப் பொருள்களைப் பிரித்தெடுத்தார். 1994 இல், பயிர்களிற் படரும் பங்கசை வேப்பெண்ணெயால் அடக்கும் முறையொன்றுக்கு ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம், அமெரிக்க விவசாயத் திணைக்களத்துக்கும் டபிள்யூ. ஆர். கிரேசு என்னும் கம்பனிக்கும் உரிமை வழங்கிற்று. வேம்பின் பயனை நெடுங்காலமாக அறிந்த இந்தியாவிற் பெருங்கண்டனம் எழுந்தது. ஆயினும், அம்முறை இந்தியாவில் முன்னரே கையாளப்பட்டதென நிலைநாட்டிய சான்றே அவ்வுரிமையை வீழ்த்திற்று. 2000 இல் உரிமை நீக்கப்பட்டது. 2005 இல் மேன்முறையீடும் தள்ளப்பட்டது. அறிவு இருந்தாற் போதாது, அதற்குச் சான்றும் இருத்தல் வேண்டும் என்பது இதனாற் பெறும் பாடம்.

ஆகவே, நாம் முதலிற் செய்யவேண்டுவது அளவறிந்து எழுதுதல். மெழுகுப்பதம், கடுகுப்பதம், மணற்பதம் என வைத்தியர் விரலால் உணரும் பதங்களை வெப்ப அளவாலும் நேர அளவாலும் குறித்தல் வேண்டும். அன்றேல் ஒருவர் காய்ச்சிய தைலம் மற்றொருவர் காய்ச்சியதை ஒவ்வாது. அடுத்தது கிருமியை வளர்த்துச் சோதித்தல். இதில் ஒரு நுட்பம் உண்டு. கிருமி வளர்க்கும் அகார்க்கூழ் நீர்ப்பாங்கானது. எண்ணெய் அதில் எளிதிற் பரவாது. ஆதலால் நல்ல தைலமும் பயனற்றதாகத் தோன்றக்கூடும். எண்ணெயை நீரோடு பால்போற் கலக்கச்செய்து சோதித்தலே முறை. தட்டிற் கிருமியை அடக்கியது தோலிலும் அடக்குமென உடனே துணிதலும் தவறு.

இயற்கைப் பொருளெல்லாம் தீங்கற்றவை என்னும் எண்ணமும் பொருந்தாது. புண்ணுக்குப் பூசும் மத்தன் தைலத்திற் சேரும் ஊமத்தை நஞ்சுடையது. துருசு என்னும் செம்புச் சல்பேற்று அளவு மிஞ்சின் தோலை அரிக்கும். குழந்தைகளுக்கு வேப்பெண்ணெயை உள்ளுக்குக் கொடுத்து உயிர்க்கேடு நேர்ந்தமையும் மருத்துவ ஏடுகளிற் பதிவாகியுள்ளது.

1961 ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் சித்த மருத்துவத்தையும் தன்னுள் அடக்கியது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1984 முதல் சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகின்றது. எனவே கேட்டறிதற்கு இடமுண்டு. ஒரு மூலிகைக்குப் பல பெயரும், ஒரு பெயருக்குப் பல மூலிகையும் வழங்கும் ஏடுகளிற் பொருள் தெளிதல் தமிழாசிரியராகிய நமது கடன். ஒரு சொல்லைப் பிழைபடக் கொள்ளின் மருந்தே நஞ்சாகும். தெளிந்த பொருளைச் சோதித்தல் விஞ்ஞான மாணவர் கடன். அவர்க்கு வேண்டும் கருவியும் வழிகாட்டலும் அளித்தல், மருத்துவராகவும் இரசாயனராகவும் விளங்கும் பழைய மாணவர் கடன். முதிய வைத்தியர் நம்மிடையே இருக்கும்போதே இப்பணி தொடங்கப்படுதல் வேண்டும்.