பழைய ஜப்பான் கத்தி வாங்கப் போறீங்களா? முதல்ல காந்தத்தைக் கீழே வைங்க!

கியோட்டோவில் தோஜி கோயில் வளாகத்தில் மாதந்தோறும் 21-ம் தேதி பெரிய சந்தை கூடும். பழைய கிமோனோ, பீங்கான், கைக்கருவி என எல்லாம் வரும். ஆனால், பழைய ஜப்பான் சமையல் கத்தி வாங்க இப்போது அங்கே போக வேண்டியதில்லை. போனிலேயே வரிசையாக வந்து நிற்கிறது. 'ஒரிஜினல் ப்ளூ ஸ்டீல்' என்ற ஒற்றை வரியை நம்பி ஆயிரக்கணக்கில் பணம் போடலாமா என்பதுதான் கேள்வி.

காந்தம் ஒட்டினால் கார்பன் ஸ்டீல், ஒட்டாவிட்டால் ஸ்டெயின்லெஸ் என்று பலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். நம் வீட்டு எவர்சில்வர் தட்டு வேறு வகை, கத்திக்குப் போடும் ஸ்டெயின்லெஸ் வேறு வகை. கத்தியில் காந்தம் நன்றாகவே ஒட்டும்.

நிறத்தைப் பாருங்கள். புழங்கிய கார்பன் ஸ்டீல், சாம்பலும் நீலமுமாகத் திட்டுத் திட்டாக மங்கியிருக்கும். அது துரு இல்லை. செந்துரு சீக்கிரம் ஏறாமல் காக்கும் படலம். பாலீஷ் போட்டு மறைத்திருந்தால், கைக்கு வந்ததும் ஒரு எலுமிச்சையை நறுக்கி, துடைக்காமல் கொஞ்ச நேரம் வையுங்கள். கார்பன் என்றால் கறுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். (பாட்டி வீட்டு இரும்பு அரிவாள்மணையும் இதே ஜாதிதான்.) விளிம்பு மட்டும் கறுத்து, மேல்பகுதி பளபளவென்றே இருந்தால் பயப்பட வேண்டாம். கார்பன் ஸ்டீலுக்கு இருபுறமும் ஸ்டெயின்லெஸ் போர்த்திச் செய்வதும் உண்டு.

அடுத்து பெயர்க் குழப்பம். 'ஷிரோகாமி' என்றால் வெள்ளைக் காகிதம், 'ஆவோகாமி' என்றால் நீலக் காகிதம். ஷிமானே மாகாணத்தின் யசுகியில் தயாராகும் ஸ்டீல் வகைகள் இவை. நிறம் உலோகத்துக்கு அல்ல, அதில் ஒட்டும் காகிதத்துக்கு! வெள்ளையில் இரும்பும் கார்பனும்தான் பிரதானம். சுலபமாகக் கூர் ஏறும். நீலத்தில் டங்ஸ்டனும் குரோமியமும் சேர்வதால் கூர் கொஞ்சம் கூடுதல் நாள் நிற்கும். இரண்டையும் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது, இரண்டுமே துருப்பிடிக்கும். கத்தியில் பொறிப்போ, கூடவே பழைய பெட்டியோ இல்லாமல் 'நீலம்' என்று ஒருவர் சொன்னால், சாதாரண கார்பன் கத்திக்கான விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

பொறிப்பைப் படிக்க போன் கேமரா மொழிபெயர்ப்பு உதவும். உளியால் கையில் வெட்டிய எழுத்து என்றால் தடுமாறும். பெரும்பாலும் அது கடையின் பெயராகவோ கொல்லரின் பெயராகவோ, சாகாய் போன்ற ஊராகவோ இருக்கும். 'தொக்குசெய்' என்று வந்தால் 'சிறப்புத் தயாரிப்பு' என்று அர்த்தம். விளம்பர வார்த்தை, தரச் சான்று அல்ல. 'ஹோன்யாக்கி' முழுக்க ஒரே ஸ்டீலில் செய்தது, விலை எகிறும். 'ஹோன் வாரிகோமி' என்றால் கடின ஸ்டீலை மென்மையான உலோகத்துக்கு நடுவே செருகியது. 'ஹோன்' என்ற ஒட்டு இரண்டிலும் இருப்பதால், பின்னதை முன்னதன் விலைக்குத் தள்ளிவிடப் பார்ப்பார்கள்.

அலை அலையாக டிசைன் இருக்கிறதா? அடுக்கு உலோகம் என்றால், விளிம்புக்குச் சற்று மேலே அலை நின்று, அதற்குக் கீழே வெற்று ஸ்டீல் தெரியும். கூர்முனை வரை ஒரே சீராக ஓடினால் மேலே பொறித்த படமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

துருவைவிட எனக்குப் பயம், மெஷின் சாணைதான். விளிம்பை ஒட்டி வானவில் போல நீலப் பட்டை ஓடினால் கத்தி சூடேறி, அந்த இடத்தில் கடினம் போய்விட்டது. எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. மேல் துருவைத் தேய்த்து எடுத்துவிடலாம், இதை வீட்டில் சரிசெய்ய வழியில்லை. விளிம்பில் ஊசிக்குத்து போலக் குழி விழுந்த துருவையும் தவிருங்கள்.

ஆகவே, விற்பவரிடம் படம் கேளுங்கள்: இரண்டு பக்கமும், முதுகு வழியாக நீளவாக்கில் (வளைவு தெரியும்), விளிம்பு நெருக்கத்தில், கைப்பிடி சேரும் இடம். மரக்கைப்பிடிக்குள் தண்ணீர் இறங்கினால் துரு உள்ளேயே தின்றிருக்கும். இடதுகைக்காரர்கள் ஒருபக்கச் சரிவு கத்திகளில் கவனம். பெரும்பாலும் வலதுகைக்கே செய்திருப்பார்கள்.

ஜப்பானில் நேரில் வாங்கினால், 6 செ.மீ-க்கு மேல் நீளமுள்ள கத்தியைத் தகுந்த காரணமின்றி எடுத்துச் செல்வது அங்கே குற்றம். கடையில் நன்றாகச் சுற்றிக் கட்டச் சொல்லி, ரசீதோடு நேராக அறைக்குப் போங்கள். விமானத்தில் செக்-இன் பெட்டியில்தான்.