பொன்முடியில் ஒரு பாரமானியும் ஒரு கடிகாரமும்

பள்ளிகளில் நடைபெறும் விஞ்ஞானக் கண்காட்சிகளில் இந்நாளில் ஒரு கருவி தவறாமல் இடம்பெறுகிறது. மைக்ரோகண்ட்ரோலர் பொருத்திய சிறு பலகை, உஷ்ணத்தையும் ஈரப்பதத்தையும் அறியும் உணர்வி, கடிகாரச் சில்லு, இரண்டு விரல் அகலத் திரை ஆகியவற்றைக் கம்பிகளால் இணைத்து மாணவர் மேசைமீது வைக்கிறார். திரையில் இலக்கம் ஒளிர்ந்ததும் பார்ப்போர் மகிழ்கின்றனர், பரிசும் கிடைக்கிறது. மறுநாள் கருவி பெட்டிக்குள் போய்விடுகிறது. உண்மையில், இலக்கம் ஒளிரத் தொடங்கிய பிறகே விஞ்ஞான வேலை ஆரம்பமாகிறது என்பதும், அவ்வேலைக்குத் திரையைவிடக் கடிகாரமே இன்றியமையாதது என்பதும் நம் கருத்து.

கருவிக்கு இப்போது பஞ்சமில்லை. 2005-ஆம் ஆண்டில் இத்தாலியின் இவ்ரேயா நகரில் தோன்றிய ஆர்டுயினோ பலகை உலகெங்கும் பரவிவிட்டது. மத்திய அரசின் அடல் ஆய்வுக்கூடத் திட்டம் 2016-இலும், கேரளப் பள்ளிகளின் ‘லிட்டில் கைட்ஸ்’ திட்டம் 2018-இலும் தொடங்கின. குறைவாக இருப்பது, அளந்ததை நாள்தோறும் எழுதிவைக்கும் பழக்கமே.

இதனை விளக்கப் பொன்முடியை எடுத்துக்கொள்வோம். திருவனந்தபுரத்திலிருந்து விதுரா, கல்லாறு வழியாகச் சென்று, 22 கொண்டையூசி வளைவுகளைக் கடந்தால் சுமார் 1,100 மீட்டர் உயரத்தை அடையலாம். கடற்கரையில் ஏறத்தாழ 1,010 மில்லிபாராக உள்ள காற்றழுத்தம் இங்கே 890-ஐ ஒட்டி நிற்கும். பி.எம்.இ.280 போன்ற உணர்வியைப் பொருத்திய மாணவர் திரையில் காலையில் 892 என்றும், மாலையில் 889 என்றும் காண்பார். கருவி பழுது என்று அவர் எண்ணக்கூடும். கருவியில் பழுதில்லை. வெப்பமண்டல நாடுகளில் காற்றழுத்தம் நாளுக்கு இருமுறை ஏறி இறங்குகிறது. முற்பகல் 10 மணியளவிலும் இரவு 10 மணியளவிலும் உச்சம். அதிகாலை 4 மணியளவிலும் பிற்பகல் 4 மணியளவிலும் தாழ்வு. சூரிய வெப்பத்தை நீராவியும், மேலடுக்கில் உள்ள ஓசோனும் உட்கொள்வதனால் வளிமண்டலம் முழுவதிலும் எழும் அலை இது. ஏற்ற இறக்கம் மூன்று மில்லிபார் அளவே. எனினும் அந்த உணர்வி, ஒரு மில்லிபாரின் எட்டில் ஒரு பங்கு மாற்றத்தையும் ஓரளவு நம்பத்தக்கவாறு காட்டும்.

திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இந்த அலை ஒருபோதும் புலப்படாது. மணிதோறும் பத்து நாள் எழுதி, ஒவ்வொரு மணிக்கும் சராசரி கண்டு, கட்டத்தாளில் வரைந்தால் இரட்டைத் திமில் தானாகவே எழுந்து நிற்கும். கடிகாரம் பிசகினால் திமில்கள் கரைந்துவிடும்.

இவ்வகை வேலைக்கு இம்மலைத்தொடரிலேயே பழைய முன்மாதிரி உண்டு. திருவிதாங்கூர் அரசு 1837-இல் திருவனந்தபுரத்தில் நிறுவிய ஆய்வுக்கூடத்தின் பொறுப்பை 1852-இல் ஏற்ற ஜான் ஆலன் பிரவுன், 1855-இல் அகத்தியர் மலையில் சுமார் 6,200 அடி உயரத்தில் மற்றொரு கூடத்தை அமைத்தார். காந்தக் கருவிகளையும் பாரமானிகளையும் காட்டின் வழியே மேலே கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. மலைமேல் எடுத்த அளவும் கீழே எடுத்த அளவும் ஒரே நேரத்திற்கு உரியனவாக இருந்தாலன்றி அவற்றை ஒப்பிட முடியாது. பிரவுனின் உழைப்புக்குப் பொருள் தந்தது இந்த ஒருமைப்பாடே.

இன்று கல்லாற்றில் ஒரு பெட்டியும் பொன்முடியில் ஒரு பெட்டியும் வைத்து, ஓர் ஆசிரியரும் ஒரு வனக் காவலரும் சேர்ந்து அதே சோதனையைச் செய்யலாம். ஆனால் மைக்ரோகண்ட்ரோலரின் சொந்தத் துடிப்பை நம்பக்கூடாது. பீங்கான் அதிர்வி பொருத்திய பலகைகளில் நாளொன்றுக்கு நிமிஷக் கணக்கில் பிழை சேரும். டி.எஸ்.1307 சில்லு மாதத்திற்கு ஒரு நிமிஷம்போல் விலகலாம். உஷ்ண மாறுதலுக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் டி.எஸ்.3231 ஆண்டிற்கே ஏறத்தாழ ஒரு நிமிஷந்தான் தவறும். விலை சற்றுக் கூடுதல். திரையைக் கைவிட்டேனும் இதை வாங்கலாம் என்போம்.

இரு பெட்டிகளையும் மலைக்கு அனுப்புமுன் இரண்டு நாள் அருகருகே வைத்து, அவற்றின் வேறுபாட்டைக் குறித்துக்கொள்ள வேண்டும். மலிவான டி.எச்.டி.11 உணர்வி இரண்டு டிகிரி வரை பிசகக்கூடியது. உயரம் 1,000 மீட்டர் கூடினால் உஷ்ணம் சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்பதைச் சோதிக்கப் புறப்பட்டவருக்கு இப்பிழை சிறிதன்று. வெயில் படாத, காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டி தேவை. பலகையின் சூடு உணர்வியை எட்டக்கூடாது. மூடுபனி சூழ்ந்த நாளில் ஈரப்பத எண் நூறிலேயே நின்றுவிடுவதும் உண்டு. மேகத்தினுள் வைத்த கருவி வேறென்ன செய்யும்!

வானிலை இலாகா தினசரி மழையை அளப்பது காலை 8.30 மணிக்கு. நம் பதிவேட்டிலும் அந்நேரத்துக் குறிப்பு இருந்தால் இலாகாவின் எண்களோடு ஒப்பிட எளிது. கண்காட்சி நடுவர்களும் திரையை நோக்குமுன் ஒரு மாதத்துப் பதிவேட்டைக் கேட்கட்டும். பருவமழைக் காலத்தில் மின்சாரம் நின்று சில மணி நேரக் குறிப்புகள் விட்டுப்போவது இயல்பே. அவ்விடங்களை ஊகத்தால் நிரப்பாமல், கோடிட்டு, ‘மின்சாரம் இல்லை’ என்று எழுதிய மாணவருக்கு இரண்டு மதிப்பெண் கூட்டியே கொடுக்கலாம்.