11 பேர், 13 வேலை: ஆல்-ரவுண்டர் ஏன் சின்ன டீமின் சொத்து?

மான்குர்த்தில் ஒரு பள்ளி கிரிக்கெட் டீமுக்கு நீங்கதான் கோச் என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் 14 பையன்கள். மேட்ச் ஆசாத் மைதானத்தில். காலையிலேயே கிட் பேக்கைத் தூக்கிக்கொண்டு ஹார்பர் லைன் லோக்கலில் ஏறி சிஎஸ்எம்டி போகணும். ஒருத்தனுக்குக் காய்ச்சல், ஒருத்தனுக்கு டியூஷனில் டெஸ்ட், இன்னொருத்தனை வீட்டில் அனுப்பவில்லை. உங்கள் கையில் மிச்சம் சரியாக 11 பேர். பெஞ்சில் யாருமே இல்லை.

எதிரில் நிற்கும் பெரிய பள்ளிக்கு 25 பேர் இருக்கிறார்கள். ஒருவனுக்குக் கணுக்கால் பிசகினால் அடுத்தவன் பேடு கட்டித் தயாராக நிற்பான்.

இந்த நிலைமையில் உங்களைக் காப்பாற்றுவது யார்? பேட்டும் பிடித்து, பந்தும் வீசத் தெரிந்த பையன். ஆனால் இதே பையனுக்கான இடத்தை இந்திய கிரிக்கெட்டின் பணக்கார மேடையான ஐபிஎல் சுருக்கிக்கொண்டு வருகிறது என்கிறார்கள் விமர்சகர்கள். காரணம், இம்பாக்ட் பிளேயர் விதி. 2027 சீசன் வரை அது தொடரும் என்று முடிவாகியிருக்கிறது. இதற்கும் மான்குர்த் பையனுக்கும் என்ன சம்பந்தம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

டி20 ஆட்டத்தில் ஒரு பவுலர் அதிகபட்சம் 4 ஓவர்தான் வீசலாம். 20 ஓவர் என்றால் குறைந்தது 5 பவுலர்கள் வேண்டும். பேட்டிங் பக்கம், விக்கெட் கீப்பரையும் சேர்த்து 7 பேர் இருந்தால்தான் எந்த கேப்டனுக்கும் நிம்மதி. 7 + 5 = 12. ஆனால் களத்தில் இருப்பது 11 பேர்.

அந்த ஒரு ஆள் பற்றாக்குறையை நிரப்புபவர்தான் ஆல்-ரவுண்டர். ஒரு பவுலர் அடி வாங்கினால் மாற்றிப் போட ஆறாவது பவுலரும் வேண்டும் என்றால், 7 + 6 = 13 வேலை. அப்போது இரண்டு ஆல்-ரவுண்டர்கள் தேவை. 11 பேரை வைத்து 13 பேர் வேலையை வாங்குவதுதான் டீம் தேர்வின் சூட்சுமமே.

இப்போது விதியை மாற்றி 12-வது ஆளைக் கொடுத்துப் பாருங்கள். முதலில் ஒரு பேட்ஸ்மேன் ஆடிவிட்டு உட்கார்ந்துகொள்வார், அவருக்குப் பதில் ஒரு பவுலர் வருவார். 7 பேட்ஸ்மேன், 5 பவுலர். கணக்கு சரியாகிவிட்டது. ஆல்-ரவுண்டரே இல்லாமல்!

ஆக, பெஞ்ச் பலமும் இருதிறன் வீரரும் ஒன்றுக்கு ஒன்று மாற்று. ஒன்று தாராளமாகக் கிடைத்தால் இன்னொன்றின் மதிப்பு இறங்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மீதிக் கதை முழுக்க இதுதான்.

அமெரிக்காவில் இது எப்போதோ நடந்துவிட்டது

அமெரிக்கன் ஃபுட்பாலில் ஒரு காலத்தில் தாக்கும்போதும் தடுக்கும்போதும் அதே 11 பேர்தான் ஆடினார்கள். மாற்று வீரர்களுக்குக் கட்டுப்பாடு இருந்தது. என்எஃப்எல் 1950-ல் அதை நிரந்தரமாக நீக்கியது. கல்லூரி ஃபுட்பாலில் 1960-களின் நடுவில் கட்டுப்பாடு தளர்ந்தது. அதற்குப் பிறகு தாக்குதலுக்கு ஒரு கூட்டம், தடுப்புக்கு ஒரு கூட்டம் என்று பிரிந்துவிட்டது. இரண்டு பக்கமும் ஆடுபவர் அபூர்வப் பிறவி ஆகிவிட்டார். அதனால்தான் கொலராடோ பல்கலைக்கழகத்தின் டிராவிஸ் ஹன்டர் இரண்டு பக்கமும் ஆடி, 2024-ல் கல்லூரி ஃபுட்பாலின் உயரிய விருதான ஹைஸ்மன் டிராஃபியை வாங்கியபோது அவ்வளவு பேச்சு.

ஆனால் ஓர் இடத்தில் மட்டும் அந்தப் பழைய வழக்கம் சாகவே இல்லை. மாணவர்கள் குறைவாக இருக்கும் சின்ன ஊர்களின் உயர்நிலைப் பள்ளிகளில் இன்றும் அதே பையன்தான் இரண்டு பக்கமும் ஓடுகிறான், வேறு ஆள் கிடையாது. 11 பேரே தேறாத பள்ளிகளுக்காக 1934-ல் நெப்ராஸ்காவில் ஆறு பேர் ஃபுட்பால் என்றே ஒரு வடிவம் பிறந்தது. ஆல்-ரவுண்டர் என்பவர் பெரும்பாலும் பற்றாக்குறையின் பிள்ளை.

மும்பைப் பள்ளி கிரிக்கெட் சொல்லும் இரண்டு கதைகள்

மும்பையில் பள்ளி கிரிக்கெட் என்றால் 14 வயதுக்குட்பட்டோருக்கான கைல்ஸ் ஷீல்டும், 16 வயதுக்குட்பட்டோருக்கான ஹாரிஸ் ஷீல்டும்தான். இரண்டும் நூறு ஆண்டு தாண்டிய போட்டிகள்.

முதல் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1988 பிப்ரவரி, ஆசாத் மைதானம், ஹாரிஸ் ஷீல்டு. ஷார்தாஷ்ரம் பள்ளிக்காக சச்சின் டெண்டுல்கரும் வினோத் காம்ப்ளியும் பிரியாமல் 664 ரன் சேர்த்தார்கள். சச்சின் 326, காம்ப்ளி 349, இருவரும் நாட் அவுட். அணியின் ஸ்கோர் 748/2. அதே காம்ப்ளி பிறகு பந்து வீசி 6 விக்கெட் எடுத்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இன்னொன்றும் பேசப்படுவதில்லை. விழுந்தது 2 விக்கெட் என்றால் பேட் பிடித்தது 4 பேர். அந்த இன்னிங்ஸில் மீதி 7 பையன்களுக்கு பேட்டிங்கே வரவில்லை.

இரண்டாவது கதை 2016 ஜனவரி, கல்யாண். பண்டாரி கோப்பைப் பள்ளி ஆட்டத்தில் பிரணவ் தனவாடே 1009 நாட் அவுட். அவர் அணி 1465/3. எதிரணி எடுத்தது 31, அடுத்த இன்னிங்ஸில் 52. இன்னிங்ஸ் மற்றும் 1382 ரன் வித்தியாசத்தில் தோல்வி! உலகமே அந்த 1009-ஐப் பார்த்தது. தோற்ற பக்கத்தைப் பற்றிப் பிறகு வந்த செய்திகள் வேறொன்றைச் சொன்னன. அங்கே மூத்த மாணவர்கள் பரீட்சைத் தயாரிப்பால் வரவில்லை. அவர்களுக்குப் பதில் களமிறங்கியவர்கள் அவர்களைவிடச் சின்னப் பையன்கள்.

ஒரு பக்கம் வாய்ப்புக் கிடைக்காமல் உட்கார்ந்திருக்கும் பையன்கள். இன்னொரு பக்கம் ஆள் இல்லாமல் திணறும் டீம். ஸ்கோர்கார்டில் சாதனையாகத் தெரியும் எண்களுக்குப் பின்னால் இருப்பது, யாரிடம் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற ஏற்றத்தாழ்வு.

மான்குர்த்தை இதில் பொருத்திப் பாருங்கள். மான்குர்த், கோவண்டி எல்லாம் அடங்கிய எம்-கிழக்கு வார்டு, 2009-ல் வெளியான மும்பை மனித மேம்பாட்டு அறிக்கையில் நகரின் வார்டுகளிலேயே கடைசி இடம். பக்கத்தில் டிராம்பேயின் சீட்டா கேம்ப்பில் 1976-ல் ஜனதா காலனியிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். இப்படிப்பட்ட பகுதியில் பெஞ்ச் பலம் என்பது பணத்தின் இன்னொரு பெயர். நல்ல பேட் வாங்க, டியூஷனை விட்டுவிட்டு மேட்சுக்கு வர, தினமும் மைதானத்துக்குப் போய்வர வீட்டில் வசதி வேண்டும். அப்படி 25 பையன்களைத் திரட்ட முடியாத பள்ளி, 11 பேரை 13 பேராக மாற்றத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

இன்னொரு நன்மையும் உண்டு. எல்லாவற்றையும் செய்து பார்க்கிற பையனுக்குத்தான் தனக்கு எது நன்றாக வரும் என்று தெரியும். போரிவலியில் சுவாமி விவேகானந்த் பள்ளிக்கு வந்தபோது ரோஹித் சர்மா ஓர் ஆஃப் ஸ்பின்னர். எட்டாவதாக பேட் பிடித்த பையனை கோச் தினேஷ் லாட் ஓப்பனராக அனுப்பினார், மீதி ஊரறிந்தது. நம்ம அஸ்வின் ஓப்பனிங் பேட்ஸ்மேனாகத் தொடங்கியவர். முடித்தது 537 டெஸ்ட் விக்கெட்டுகளோடும், 6 சதங்களோடும். 13 வயதில் "நீ பவுலர், நீ பேட்ஸ்மேன்" என்று ஆளுக்கொரு சீட்டை ஒட்டியிருந்தால்?

இம்பாக்ட் பிளேயர் என்ன செய்தது?

2022 சையது முஷ்டாக் அலி டிராஃபியில் சோதித்துப் பார்த்துவிட்டு, 2023 ஐபிஎல்லில் பிசிசிஐ இதைக் கொண்டுவந்தது. ஆடும் 11 பேரோடு 5 மாற்று வீரர்களின் பெயரைக் கொடுக்கணும். அவர்களில் ஒருவரை இறக்கலாம். அந்த 2023 மார்ச் 31 முதல் ஆட்டத்திலேயே சிஎஸ்கே, அம்பதி ராயுடுவை உட்காரவைத்து துஷார் தேஷ்பாண்டேவை இறக்கியது. பேட்ஸ்மேன் போய் பவுலர் வந்தார். நாம் மேலே போட்ட அதே கணக்கு.

200 ரன்னைத் தாண்டிய ஸ்கோர்கள் 2022-ல் 18. 2023-ல் 37. 2024-ல் 41. முதல் இரண்டு சீசன்களிலும் அதே 74 ஆட்டங்கள்தான். கூடுதலாக ஒரு பேட்ஸ்மேன் இருக்கிறார் என்ற தைரியத்தில் முதல் பந்திலிருந்தே அடிக்கலாம் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். ஆனால் ஒன்றை எச்சரிக்கையாகச் சொல்லணும். பிட்ச்கள் மாறியிருக்கின்றன, பேட்டிங் பாணியும் மாறியிருக்கிறது. முழுப் பழியையும் இந்த ஒரு விதி மேல் போடுவதற்கு இந்த எண்கள் போதாது.

ஆல்-ரவுண்டர் விஷயத்தில் ரோஹித் சர்மாவே 2024 ஏப்ரலில் ஒரு பாட்காஸ்ட்டில் பேசினார். தனக்கு இந்த விதி பிடிக்கவில்லை, ஆல்-ரவுண்டர்களை இது பின்னுக்கு இழுக்கிறது என்றார். பந்து வீச வாய்ப்புக் கிடைக்காத உதாரணமாக அவர் சொன்ன இரண்டு பெயர்கள்: மும்பையின் ஷிவம் துபே, சென்னையின் வாஷிங்டன் சுந்தர்.

எதிர்வாதமும் இருக்கிறது. ஒவ்வொரு ஆட்டத்திலும் கூடுதலாக இரண்டு இந்திய வீரர்களுக்கு வாய்ப்புக் கிடைக்கிறது என்றார் அப்போதைய பிசிசிஐ செயலாளர் ஜெய் ஷா. இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. அந்த முதல் ஆட்டத்தில் குஜராத் அணிக்காக மாற்று வீரராக வந்தவர் சென்னையின் சாய் சுதர்சன். 2025 சீசனில் 759 ரன் குவித்து ஆரஞ்சு கேப் வாங்கியது அவர்தான்.

ஆனால் பிசிசிஐ செய்ததைக் கவனியுங்கள். 2024-25 சீசனிலிருந்து சையது முஷ்டாக் அலி டிராஃபியில் இந்த விதியை எடுத்துவிட்டது. ஐபிஎல்லில் வைத்துக்கொண்டது. இந்தியா ஆடும் சர்வதேசப் போட்டிகளில் 12-வது ஆள் கிடையாது, அதற்கு ஆல்-ரவுண்டரை வளர்க்கணும் என்பது வாரியத்துக்கும் தெரிந்திருக்கிறது என்றுதான் இதிலிருந்து தோன்றுகிறது. 2024 டி20 உலகக் கோப்பை ஃபைனலில் மேல்வரிசை சரிந்தபோது 31 பந்தில் 47 அடித்தது அக்சர் படேல். கடைசி ஓவரில் 16 ரன்னைக் காப்பாற்றியது ஹர்திக் பாண்டியா. இருவருமே ஆல்-ரவுண்டர்கள்.

இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும்?

2021 ஜனவரி, பிரிஸ்பேன். பும்ரா, அஸ்வின், ஜடேஜா என வரிசையாகக் காயம். நெட் பவுலர்களாக ஆஸ்திரேலியாவில் தங்கவைக்கப்பட்டிருந்த வாஷிங்டன் சுந்தரும் சேலம் சின்னப்பம்பட்டியின் நடராஜனும் ஒரே நாளில் டெஸ்ட் அறிமுகம் ஆனார்கள். முதல் இன்னிங்ஸில் இருவரும் ஆளுக்கு 3 விக்கெட். பிறகு இந்தியா 186/6 என்று தவித்தபோது வாஷிங்டனும் ஷர்துல் தாக்குரும் 123 ரன் சேர்த்தார்கள். வாஷிங்டன் 62. ஷர்துல் 67, அதோடு மேட்ச் முழுக்க 7 விக்கெட். 1988-க்குப் பிறகு ஆஸ்திரேலியா டெஸ்ட்டில் தோற்காத மைதானத்தில் இந்தியா ஜெயித்தது.

அந்தத் தொடரில் இந்தியா பயன்படுத்தியது 20 வீரர்கள். அது பெஞ்ச் பலம். அந்த பெஞ்சிலிருந்து எழுந்து வந்தவர்கள் இரண்டு வேலையும் தெரிந்தவர்களாக இருந்தது இரண்டாவது காப்பீடு. ஒன்று மட்டும் இருந்திருந்தால் கதை வேறு.

அப்போ பள்ளியில் என்ன செய்யணும்?

2016-ல் சச்சின் ஒரு யோசனை சொன்னார். கைல்ஸ், ஹாரிஸ் ஷீல்டு ஆட்டங்களில் 11 பேருக்கு மேல் ஆட விடுங்கள், அதிகம் பேருக்கு வாய்ப்புக் கிடைக்கட்டும் என்று. மும்பைப் பள்ளி விளையாட்டு சங்கம் அதை ஏற்றது.

இதுவும் இம்பாக்ட் பிளேயர் மாதிரித்தானே என்று கேட்கலாம். தோற்றம் ஒன்று, வேலை வேறு. ஐபிஎல்லில் கூடுதல் ஆள் என்பது ஏற்கெனவே தேர்ந்த ஒருவரை ஒரே வேலைக்குச் சுருக்குகிறது. பள்ளியில் கூடுதல் ஆள் என்பது, இல்லாவிட்டால் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கப்போகும் பையனுக்கு ஒரு இன்னிங்ஸ்.

ஒரு நிபந்தனை மட்டும். உள்ளே வரும் அந்தப் பையனை ஒரே ஒரு வேலைக்கென்று ஒதுக்கிவிடக் கூடாது. இல்லாவிட்டால் பள்ளியிலும் அதே 7 + 5 கணக்குதான் வரும். இன்னொரு குறையையும் இந்த விதி தீர்க்காது: 14 பேரையே கூட்டிவர முடியாத பள்ளிக்கு, கூடுதல் ஆளை ஆடவிடலாம் என்ற அனுமதியால் என்ன பயன்? அங்கே தேவைப்படுவது கிட்டும் மைதானமும் ரயில் செலவும்.

மறுபக்கம், ஆல்-ரவுண்டர் என்ற பெயரில் ஒரே பையனை எல்லாவற்றுக்கும் பயன்படுத்துவதிலும் ஆபத்து இருக்கிறது. வளரும் வயதில் அதிக வேகப்பந்து வீசினால் முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் அழுத்த முறிவு வரலாம் என்பது மருத்துவர்கள் நன்கு அறிந்தது. அதனால்தான் இங்கிலாந்து போன்ற நாடுகளின் வாரியங்கள், எந்த வயதுப் பையன் எத்தனை ஓவர் வீசலாம் என்று வரம்பு வைத்திருக்கின்றன. சின்னப் பள்ளியின் கெட்டிக்காரப் பையன்தான் இதில் முதலில் அடிபடுவான். ஏனென்றால் அவனுக்கு ஓய்வு கொடுக்க ஆள் இருக்காது.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அகாடமிக்குப் போகும் பிள்ளை இருந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். நெட்ஸில் பேட்டிங், பவுலிங் இரண்டும் கிடைக்கிறதா? ஒரு வாரத்தில் எத்தனை ஓவர் வீசுகிறான் என்று யாராவது எழுதிவைக்கிறார்களா? முதல் கேள்விக்கு "ஆமா" என்றும் இரண்டாவதுக்கு "இல்லை" என்றும் பதில் வந்தால், கோச்சிடம் பேச வேண்டிய நேரம் அது.

2027-க்குப் பிறகு இம்பாக்ட் பிளேயர் இருக்குமா என்பதை பிசிசிஐ முடிவு செய்யும். இன்று 13 வயதில் மான்குர்த்தில் லோக்கல் ஏறும் பையனுக்கு அப்போது 15-ஐத் தாண்டியிருக்கும். ஹாரிஸ் ஷீல்டு ஆடும் வயது. பேட், பந்து இரண்டையும் கையில் வைத்திருப்பதா, ஒன்றைக் கீழே வைப்பதா என்று அவனை யாராவது கேட்கத் தொடங்குவதும் அந்த வயதில்தான்.