வலை வேறு, கூரை வேறு

போடியிலிருந்து போடிமெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். கீழே சுமார் 350 மீட்டர் உயரத்தில் தொடங்கும் சாலை, மேலே 1,300 மீட்டரைத் தாண்டிவிடுகிறது. மெட்டைக் கடந்து பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று போகிறவர்கள் இந்தக் கோடையில் கவனித்திருப்பார்கள்: ஏலத்தோட்டங்களுக்குள் மரக்கூட்டம் விட்டுப்போன இடங்களில் எல்லாம் பச்சை வலை. சிலர் அத்தோடு நிற்கவில்லை. மழைக்கும் ஆகட்டும் என்று அதே கம்பத்தில், அதே வலையின் மேல், பாலிதீன் தாளை விரித்துக் கட்டும் வேலையில் இறங்கியிருக்கிறார்கள்.

வெயிலுக்கு நிழல் தருவது ஒரு வேலை, மழைக்குக் காப்புத் தருவது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே துணியிடம் ஒப்படைத்தால் இரண்டும் கெடும். நாற்றங்காலுக்குப் பொருந்தும் கூரை, காய்க்கும் தோட்டத்துக்குப் பொருந்தாது. இந்த இரண்டையும் தொழில் தெரிந்தவர்களே மறந்துவிடுகிறோம் என்பதால்தான் இந்த உரை.

வலை கட்டியவர்களைக் குறை சொல்ல முடியாது. 1983 வறட்சியில் ஏலமலை பட்ட பாட்டை மூத்தவர்கள் இன்னும் சொல்கிறார்கள். 2024 கோடையில் இடுக்கி மாவட்டத்தில் தட்டை காய்ந்து, சரம் கருகி நின்ற தோட்டங்களை இளைய தலைமுறையும் கண்ணால் பார்த்துவிட்டது. வலை பரவலாக மலையேறியது அந்தக் கோடையில்தான். மறுபக்கம், 2018 ஆகஸ்டில் கொட்டித் தீர்த்த மழையில் அழுகல் நோய் புகுந்து காயைக் கொண்டுபோனதும் நினைவில் இருக்கிறது. காய் குறைந்தபோது விலை ஏறி, 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. விலை அப்படி ஏறிய ஆண்டில் விற்கக் காய் இல்லாமல் நின்றவர்களுக்கு, வெயிலும் வேண்டாம் மழையும் வேண்டாம் என்று மேலே எதையாவது போட்டு மூடத் தோன்றுவது இயல்புதான்.

ஆனால் செடி கேட்பது என்ன என்று பார்க்க வேண்டும். ஏலம் சோலைக்காட்டின் அடித்தளத்தில் வளர்ந்த செடி. ஆண்டுக்கு 1,500 முதல் 4,000 மில்லிமீட்டர் வரை மழை பெறும் சரிவுகளில், மரங்களுக்கு இடையே வடிந்து வரும் வெளிச்சத்தில் பழகியது. வெளியே அடிக்கும் வெளிச்சத்தில் 40 முதல் 60 சதம் அதற்குப் போதும். அந்த அளவை நம் முன்னோர் வலையால் அல்ல, அரிவாளால் நிர்ணயித்தார்கள். கோடை முடியும் வரை பலாவும் சந்தன வேம்பும் முருக்கும் கிளை விரித்து நிற்கும். மே மாதத்தில், பருவமழைக்கு முன், கிளை கழித்து வெளிச்சம் திறப்பார்கள். கூடவே தட்டையின் காய்ந்த சருகைக் கழித்து, தூருக்குக் காற்றோட்டம் தருவார்கள். கோடையில் கூடுதல் நிழல், மழையில் குறைந்த நிழல் என்பதே ஏலமலையின் கணக்கு.

ஞள்ளானி ரகம் வந்தபின் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறியது. வெளிச்சம் கூடினால் விளைச்சல் கூடும் என்று கண்டு, மரங்களைக் கடுமையாகக் கவாத்து செய்தோம். நல்ல மழை ஆண்டுகளில் அது பலித்தது. மழை பொய்த்த கோடையில் அதற்கான விலையைச் செடி கொடுத்தது. இன்று வலை தொங்கும் இடங்களில் பெரும்பாலானவை அன்று மரம் நின்ற இடங்கள் என்பதை மறக்கக்கூடாது.

வலைக்கும் மரத்துக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான்: மரத்தைக் கவாத்து செய்யலாம், கட்டிய வலை, கட்டினபடியே கிடக்கிறது. ஜூனிலும் கழற்றாத வலை, மே மாதத்தில் கிளை கழிக்காத மரத்துக்குச் சமம். வெளிச்சக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பாதி வெளிச்சத்தை மறைக்கும் மரத்தின் கீழே 50 சத வலை கட்டினால் செடிக்குக் கிடைப்பது 25 சதம். அதன்மேல் வெளிச்சத்தில் 85 சதத்தை விடும் பாலிதீன் தாள் ஒன்றைப் போட்டால் 21 சதம். தாளில் பாசியும் தூசியும் படிந்தால் இன்னும் கீழே போகும். மேகம் மூடிய ஆடி மாதத்தில் செடி அந்த இருட்டில் நிற்கிறது. கடையில் '50 சதம்' என்று சொல்லி வாங்கிவந்த வலை, தோட்டத்துக்குள் வந்தபின் 50 சதமாக இருப்பதில்லை.

இதை அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. கைப்பேசியில் வெளிச்சம் அளக்கும் செயலி ஒன்று போதும். உச்சிப்பொழுதில் திறந்த வெளியில் ஒருமுறை, வலைக்குக் கீழே செடி உயரத்தில் ஒருமுறை அளந்து, இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் எத்தனை சதம் என்று தெரிந்துவிடும். கைப்பேசி காட்டும் எண் துல்லியமாக இல்லாவிட்டாலும், ஒரே கைப்பேசியில் எடுத்த விகிதம் நம் தேவைக்குப் போதுமானது.

அடுத்து மழை. வலை மழையைத் தடுக்கும் என்று நினைப்பவர்கள், பெருமழையில் ஐந்து நிமிடம் அதன் கீழே நின்று பார்க்க வேண்டும். சாரல் வலையிழைகளில் படிந்து, ஒன்றுசேர்ந்து, பெருந்துளியாகித்தான் கீழே விழுகிறது. அது பாத்தியில் குத்தும்போது மண் தெறித்து, நாற்றின் இலையடியில் ஒட்டுகிறது. அழுகலை உண்டாக்கும் பூஞ்சைகள் ஊர் சுற்றுவது இந்தத் தெறிப்பில்தான். நாற்றங்காலில் இரண்டு பகைகள் எதிரெதிரே நிற்கின்றன: வெயில் நேரே பட்டால் இலைப்புள்ளி, ஈரம் தங்கினால் நாற்றழுகல். முதலாவதை வலை தடுக்கும். இரண்டாவதைத் தடுக்க வலையால் ஆகாது. அதற்குத் தாள்கூரை வேண்டும்.

தாள்கூரை போடுவதிலும் நாம் செய்யும் தவறு, கீழ்நாட்டுப் பந்தலை அப்படியே மேலே ஏற்றுவது. நமக்குக் குடில் கட்டித் தருபவர்களில் பலர் கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தலிலும், தேனி, போடிப் பக்கத்துக் காய்கறி வலைக்குடிலிலும் கைபழகியவர்கள். அங்கே தட்டையான பந்தல் தாங்கும். மேற்குமலையின் மழைமறைவில் இருக்கும் போடிக்குத் தென்மேற்குப் பருவத்தில் காற்றுதான் வரும், மழை பெரிதாக வராது. மெட்டுக்கு மேலே நிலைமை தலைகீழ். சதுர மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர், அதாவது ஒரு கிலோ. நூறு சதுர மீட்டர் தட்டைக்கூரையில் 50 மில்லிமீட்டர் மழை தேங்கினால் ஐந்து டன். எந்த ஜிஐ குழாயும் அதற்காகக் கணக்குப் பார்த்து நட்டதல்ல. தாள் முதலில் தொப்பையிடும், பிறகு கம்பம் சாயும், நாற்று அடியில் போகும்.

எனவே மலைமேல் கூரைக்குச் சரிவு கட்டாயம். மூன்றடி அகலத்துக்கு ஓரடி ஏற்றம் என்பது நாம் பரிந்துரைக்கும் குறைந்தபட்சம். புற ஊதாக் கதிரைத் தாங்கும் 200 மைக்ரான் தாளையே வாங்க வேண்டும். சாதாரணப் படுதா ஒரு கோடையிலேயே பொரிந்துவிடும். உச்சியில் வெப்பம் வெளியேற நீளவாக்கில் திறப்பு வேண்டும். மழை விட்ட மறுநாள் சுள்ளென்று அடிக்கும் வெயிலில், திறப்பில்லாத தாளுக்கு அடியில் நாற்று வெந்துபோகும். தாளும் வலையும் ஒன்றையொன்று தொடக்கூடாது. ஓரடி இடைவெளி விட்டு இரண்டு தட்டாகக் கம்பி இழுத்தால், வலையைத் திரைச்சீலைபோல் ஒதுக்கவும் விரிக்கவும் முடியும். ஒட்டிக் கட்டினால் காற்றில் வலை உரசித் தாள் கிழியும். இடுக்கில் பாசி பிடிக்கும். தாள் படும் குழாயின் மேற்பக்கத்துக்கு வெள்ளைச் சாயம் அடித்தால், குழாய் சுட்டுத் தாள் இற்றுப்போவது குறையும். கந்தகம் கலந்த மருந்துகள் தாளின் ஆயுளைத் தின்னும் என்பதையும் தெளிக்கும் ஆட்களிடம் சொல்லிவைக்க வேண்டும்.

காற்றைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ராமக்கல்மேட்டிலும் சதுரங்கப்பாறையிலும் காற்றாலைகள் நிற்பது வேடிக்கைக்கு அல்ல. மேற்கிலிருந்து வரும் பருவக்காற்று மலையுச்சியைக் கடந்து தமிழ்நாட்டுப் பக்கம் இறங்கும் வாய் அது. உச்சியை ஒட்டிய தோட்டங்களில் நான்கு பக்கமும் மூடிய குடிலுக்குள் காற்று புகுந்தால், கூரையைத் தூக்காமல் விடாது. காற்று வரும் மேற்குப் பக்கத்தில் நெருக்கமான வலை, எதிர்ப்பக்கத்தில் திறப்பு, குறுக்கே தாங்குகம்பிகள், மண்ணில் கான்கிரீட் பாதம் ஆகியவை இல்லாத மதிப்பீட்டை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் திருப்பி அனுப்புங்கள். மரம் நிற்கும் பள்ளமான இடத்தில் நாற்றங்கால் போட்டால் பாதிச் செலவு மிஞ்சும். ஆனால் கட்டே நோய் கண்ட தோட்டத்தின் பக்கத்தில் மட்டும் போடவேண்டாம். அந்த நோயைப் பரப்பும் அசுவினி காற்றோடு வரும், குடிலின் நிழல்வலை அதைத் தடுக்காது.

நாற்றங்காலுக்கு இவ்வளவு சொன்னதற்குக் காரணம் உண்டு. விதை விதைத்ததிலிருந்து தோட்டத்தில் நடுவது வரை நாற்றுக்கு ஓராண்டுக்கும் மேல் ஆகிறது. அந்தக் காலத்தில் ஒரு முழுக் கோடையையும் ஒரு முழுப் பருவமழையையும் அது கூரையின் கீழே கடக்க வேண்டும். அதற்கு இரண்டு காப்பும் தேவை, முறைவைத்துத் தேவை. நடவுக்கு ஒரு மாதம் முன்பே வலையைப் படிப்படியாக ஒதுக்கி வெளிச்சத்துக்குப் பழக்கவும் வேண்டும். 75 சத நிழலில் கொழுகொழுவென்று வளர்ந்த நாற்றை ஒரேநாளில் வெளியே கொண்டுபோய் நட்டால், மழை விட்ட முதல் வெயிலிலேயே இலை வெளுத்துவிடும்.

காய்க்கும் தோட்டத்துக்கு வருவோம். இங்கே தாள்கூரையே வேண்டாம் என்பது நம் தீர்ப்பு. ஏலப்பூ விடியலில் விரிகிறது. அதன் ஆயுள் ஒரே நாள். அந்த ஒரு பகலில் தேனீ வந்து தொட்டால்தான் காய் பிடிக்கும். பூக்கும் உச்சகாலமோ மே முதல் ஆகஸ்ட் வரை, அதாவது மழைக்காலம். மழை விட்ட இடைவேளைகளில் வெளியே வரும் அடுக்குத்தேனீயும் மலைத்தேனீயும், தாளும் பக்கவலையும் கட்டி இருட்டாக்கிய தோட்டத்துக்குள் தரையோடு கிடக்கும் சரத்தைத் தேடி வருமா? மழைத்துளியிலிருந்து காயைக் காப்பாற்றப் போய், காயே பிடிக்காமல் செய்வது என்ன காப்பு? அழுகலுக்கு வழி கூரை அல்ல. மே மாதக் கவாத்து, சருகு கழித்தல், வடிகால், பருவத்துக்கு முன்பே ஒரு சத போர்டோக் கலவை. கோடையில் வெறும் வெளியில் நிற்கும் செடிக்குத் தலைக்கு மேலே வலை கட்டலாம். பக்கங்களைத் திறந்து விடுங்கள். கோடை மழை நின்று பெய்யத் தொடங்கியதும் சுருட்டி வையுங்கள். வலை கட்டிய ஒவ்வொரு இடத்திலும் இந்த ஆண்டே ஒரு நிழல்மரக் கன்றை நட்டுவிட்டால், சில ஆண்டுகளில் வலைக்கு வேலை இருக்காது.

கூரை போட்டவர்களுக்கு இன்னொரு வார்த்தை. கூரையில் விழும் நீரை ஓரத்தில் விட்டால் அது பாத்தியை அரிக்கும். பீலி வைத்துப் படுதாக்குளத்துக்கு இறக்கினால் அதுவே கோடை நீர். நூறு சதுர மீட்டர் கூரையில் 100 மில்லிமீட்டர் மழை என்றால் 10,000 லிட்டர். குளத்துக்குக் கூரை தேவையில்லை. மழை உள்ளே விழட்டும். ஆவியாதலையும் பாசியையும் குறைக்கக் கோடையில் மேலே வலை போடலாம். ஆனால் வலை மூடியிருக்கிறது என்று நம்பி வேலியை விட்டுவிடாதீர்கள். வழுக்கும் தாள்சரிவில் விழுந்தால் நீச்சல் தெரிந்தவர்கூட ஏறி வர முடியாது. சுற்றிலும் வேலி, உள்ளே நான்கு மூலையிலும் முடிச்சுப் போட்ட கயிறு இரண்டும் இல்லாத குளம் தோட்டத்தில் இருக்கக்கூடாது.

ஆராய்ச்சி நிலையங்களிடமும் ஒரு கோரிக்கை. மைலாடும்பாறையில் நறுமணப் பொருள் வாரியத்தின் இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையமும், பாம்பாடும்பாறையில் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. மழையும் காற்றும் சரிவுக்குச் சரிவு மாறும் இந்த மலையில், உச்சிக்கு ஒன்று, உள்பள்ளத்துக்கு ஒன்று என்று குடில் வரைபடங்களை, செலவுக் கணக்கோடு, தமிழிலும் அவை தர வேண்டும். குடில் கட்டும் கொல்லுப்பட்டறைக்காரர் கையில் அது இருந்தால், தோட்டக்காரர் பாதிக் கவலையை விடலாம்.

பருவமழைக்கு இன்னும் சில வாரங்களே உள்ளன. காய்க்கும் தோட்டத்தில் வலையைச் சுருட்டுங்கள். நாற்றங்காலில் தாளை ஏற்றுங்கள், சரிவையும் கட்டுகளையும் சரிபாருங்கள். கவாத்து முடிந்ததும் உச்சிப்பொழுதில் வெளிச்சத்தை அளந்து, ஊர், உயரம், மரவகை, வலைச்சதம் ஆகியவற்றோடு எங்களுக்கு எழுதுங்கள். வரும் அளவுகளைத் தொகுத்து மழைக்காலம் முடிந்ததும் இந்தப் பக்கங்களிலேயே வெளியிடுவோம்.