அச்சுக்கு இட்ட மையும் அறிவுக்கு இட்ட பூட்டும்

வைக்கோலைக் கருக்கி, விளக்கெண்ணெயிற் குழைத்த மையை மூங்கிற் குழாயில் அடைத்து, வண்டியின் அடியில் தொங்கவிட்டு நெடுவழி சென்றவன் புதுக்கோட்டை உழவன். அந்த மை அச்சை எவ்வாறு காத்தது என்பதை அவனுக்கு அவன் மொழியிற் சொன்னவர் எவர்?

1883இல் ஆங்கிலப் பொறிஞர் பீச்சம் தவர், தொடர்வண்டி அச்சுத் தாங்கியை ஆய்ந்தார். எண்ணெய் வார்க்கத் தாங்கியின் உச்சியில் இட்ட துளை வழியே எண்ணெய் மேலே பொங்கிற்று. மரமுளை அடித்தார், அதையும் தள்ளிற்று. அழுத்தமானி பொருத்தினால், சுமையைப் பரப்பால் வகுத்த அளவினும் இருமடங்குக்கு மேல் காட்டிற்று! அச்சு உலோகத்தின்மேல் ஓடவில்லை. தானே இழுத்துச் சென்ற எண்ணெயின்மேல் மிதந்தது. இதற்குரிய கணக்கை 1886இல் ஆசுபர்ன் இரெனால்ட்சு வகுத்தார்.

இன்று அதே மாவட்டத்தின் கல்லுடைப்பு ஆலைகளில் உருள்தாங்கிகள் சுழல்கின்றன. அவற்றில் இடும் கிரீசு, வழலை நாரிற் பிடித்துவைத்த எண்ணெயே. உருளையும் வளையமும் நெருங்குமிடத்தில் அழுத்தம் காற்றழுத்தத்தினும் பத்தாயிரம் மடங்குக்கு ஏறும். எண்ணெய் அந்நொடியில் கெட்டிப்படும். எஃகும் சற்றே தட்டையாகும். வெளிவாயிலில் இடைவெளி குறுகும். அதற்குச் சற்று முன்னே அழுத்தம் ஊசிமுனைபோல் எழுந்து விழும். இத்தனைக்கும் நடுவே நிற்கும் நெய்யேட்டின் தடிப்பு, தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு! கல்தூசியின் ஒரு துகள் அதனினும் பன்மடங்கு பெரிது. மூடி சரியாகப் பொருந்தாத தாங்கி ஏன் விரைவில் அழிகிறது, கிரீசைத் திணித்தால் ஏன் சூடேறுகிறது, குறைந்தால் ஏன் ஏடு வறள்கிறது என்பனவெல்லாம் அங்கு வேலை செய்யும் தமிழன் அறியவேண்டியவை. அவன் கையிற் கிடைப்பதோ ஆங்கிலக் குறிப்பேடு. தாங்கி உடைந்தால் பழி மட்டும் தமிழில் வரும்!

தமிழில் சொல் இல்லையாம்! 1966இல் ஆங்கில அரசின் குழுவொன்று இத்துறைக்குப் பெயர் தேடியபோது ஆங்கிலத்திலும் சொல் இல்லை. ‘தேய்த்தல்’ எனும் பொருளுடைய கிரேக்கச் சொல்லை எடுத்துப் புதுப்பெயர் கட்டினர். விளங்காது என்று எந்த ஆங்கிலனும் அதைத் தள்ளிவிடவில்லை. தமிழனுக்கோ உயவு, மசகு, உராய்வு, தேய்வு என்று சொற்கள் கைவயம் உள்ளன. அவற்றைச் சொன்னால் நகைப்பவர் தமிழ்ப் பேராசிரியராகவே இருப்பதுதான் கொடுமை.

2010இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடவியலையும் எந்திரவியலையும் தமிழில் கற்பிக்கத் தொடங்கியது. நல்ல தொடக்கமே. ஆனால் அங்குப் படித்து வருபவனுக்கு வேலை தருவோர் ஆங்கிலத்தையே கேட்டால் அவ்வகுப்பில் எவன் சேர்வான்? தமிழில் பொறியியல் கற்றவர்க்கு அரசுப் பணியில் உரிய இடம், ஆலையில் விற்கும் ஒவ்வொரு தாங்கியோடும் உயவுக் குறிப்பு தமிழில், தொழிற்பயிற்சி நிலையங்களில் தமிழ்ச் சொல்லாலேயே பாடம்: இவற்றைச் சட்டமாகவே செய்தல் வேண்டும்.